ஆறு இலட்சத்துப் பெட்டி மூன்றாம் ஆண்டில் ஏன் இருள்கிறது?

தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் திருகோணமலையில் இருக்கும் என் திருத்துமிடத்துக்கு வந்தார். பெட்டியைக் கொண்டுவரவில்லை. 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு வருவது? கைபேசியில் ஒரு காணொளி எடுத்து வந்திருந்தார். திரை கறுத்துக் கிடந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

“ஆறு இலட்சத்துக்கு மேல், தம்பி. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய காசு. வாங்கி இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. உத்தரவாதம் இரண்டு வருடம்” என்றார். பிறகு நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி வந்தது: “முந்தி எங்கள் வீட்டில் இருந்த பெருத்த பெட்டி இருபது வருடம் ஓடியது. இதற்கு மட்டும் என்ன வந்தது?”

இந்தக் கேள்விக்கு ஊரில் மூன்று விடைகள் சொல்வார்கள். ‘இப்போது வருவதெல்லாம் சீனாச் சாமான்.’ ‘கம்பனிக்காரன் வேண்டுமென்றே கெடும்படி செய்கிறான்.’ ‘திருகோணமலை உப்புக் காற்று.’ மூன்றிலும் ஒவ்வொரு துளி உண்மை உண்டு. ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்காமல் இவற்றைச் சொல்வது, காய்ச்சல்காரனைப் பார்த்து நாவூறு பட்டுவிட்டது என்பதைப் போன்றது. பெட்டியைத் திறந்து பார்ப்போம். திறக்கும் வேலையை நான் செய்கிறேன். நீங்கள் பார்த்தால் போதும்.

பட்டுச் சேலையும் கைத்தறிச் சேலையும்

காஞ்சிபுரப் பட்டு கைத்தறிச் சேலையைவிடப் பல மடங்கு விலை. ஆனால் எந்தச் சேலையை வாரத்துக்கு மூன்று முறை தோய்த்து வெயிலில் போடலாம் என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் விடை தெரியும். பட்டுக்குக் கொடுத்த காசு மினுக்கத்துக்கும் சரிகைக்கும் கொடுத்தது. நீடித்து உழைப்பதற்கு யாரும் பட்டு வாங்குவதில்லை.

தொலைக்காட்சியில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம். விலை உயர உயரக் கிடைப்பவை என்ன? கூடிய வெளிச்சம், ஆழமான கறுப்பு, சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய உடல், வேகமான செயலி. இவற்றில் ஒன்றுகூட ஆயுளைப் பற்றியதில்லை. சிலவோ ஆயுளுக்கு நேரே எதிரானவை. வெளிச்சம் கூடினால் சூடு கூடும். உடல் மெலிந்தால் அந்தச் சூடு வெளியேற இடம் குறையும். பாகங்கள் பெருகினால் கெடக்கூடிய இடங்களும் பெருகும்.

பழைய பெருத்த பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை அரசின் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபின் வீடுகளுக்கு வந்த குழாய்ப் பெட்டிகள் எல்லாமே இருபது ஆண்டு ஓடவில்லை. நான்காம் வருடமே படுத்தவற்றை நாம் மறந்துவிட்டோம்; நின்று ஓடியவற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்மையானது. அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே கழற்றக்கூடியதாக இருந்தது. ஊரிலேயே உதிரிப்பாகம் கிடைத்தது, ஈயம் வைத்து ஒட்டினால் மறுநாள் ஓடியது. அவையும் கெட்டன, திருத்தியதனால் ஓடின.

உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகள்

எந்தத் தட்டைத் திரைத் தொலைக்காட்சியையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது பேனல்: படம் தோன்றும் கண்ணாடித் தாள்களும் அவற்றின் ஓரத்தில் ஒட்டப்பட்ட மின்பட்டிகளும் சேர்ந்த ஒற்றைத் தொகுதி. இரண்டாவது பின்னொளி: பேனலுக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் விளக்குகள். மூன்றாவது பலகைகள்: மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பலகை, படத்தையும் சத்தத்தையும் கணிக்கும் மூளைப் பலகை ஆகியவை.

இங்கேதான் பெயர்க் குழப்பம் தொடங்குகிறது. கடையில் ‘எல்.ஈ.டி. தொலைக்காட்சி’ என்று விற்பது உண்மையில் எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகப் பேனல்தான், அதன் பின்னொளி மட்டுமே எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் டயோடு. 2017 இல் சந்தைக்கு வந்த ‘கியூலெட்’ என்ற பெயரும் அதே குடும்பம். நிறத்தைத் தூய்மையாக்கும் நுண்துகள் படலம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். (அந்த நுண்துகள்களைக் கண்டவர்களுக்கு 2023 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற சங்கதி உள்ளே இருப்பதனால் பெட்டி கெடாது என்று மட்டும் எண்ண வேண்டாம்.) ‘ஓலெட்’ என்பதே வேறு சாதி. அதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

இன்னொன்று. நாம் நம்பி வாங்கும் வணிகப் பெயருக்கும் உள்ளே இருக்கும் பேனலைச் செய்தவருக்கும் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். பெரிய பேனல் செய்யும் ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சோனியின் ஓலெட் தொலைக்காட்சிகளுக்குப் பேனல் தருபவை எல்.ஜி. டிஸ்பிளே, சாம்சங் டிஸ்பிளே என்னும் தென்கொரிய நிறுவனங்கள். ‘ஜப்பான் சாமான்தான் வேண்டும்’ என்று கேட்டு வருபவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பேனல், பின்னொளி, பலகை. இந்த மூன்றில் எது போயிற்று என்பதை வைத்துத்தான் திருத்தும் செலவு ஆயிரங்களிலா இலட்சங்களிலா என்பது தீர்மானமாகும். இனி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பின்னொளி: திருவிழாச் சோடனை மாலை

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் வீதி நெடுகச் சிறிய மின்குமிழ் மாலைகள் தொங்கும். பழைய காலத்து மாலையில் ஒரு குமிழ் போனால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். மின்சாரம் ஒரு குமிழ் வழியாகப் போய்த்தான் அடுத்ததற்குச் செல்ல முடியும் என்பதே காரணம். இதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர்.

பின்னொளியும் அப்படித்தான். நீண்ட பட்டிகளில் டயோடுகள் தொடர் இணைப்பில் நிற்கின்றன. ஒரு டயோடு உள்ளே அறுந்தால் அந்த வரிசை முழுவதும் இருளும். அது நடந்ததும் காவல் சுற்று ஒன்று விழித்துக்கொண்டு மொத்தப் பின்னொளியையும் நிறுத்திவிடும். மூளைப் பலகைக்கு எதுவும் ஆகவில்லை. அது தன் பாட்டில் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். எனவேதான் சத்தம் வரும், படம் வராது.

படம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. எல்.சி.டி. பேனல் என்பது கோடிக்கணக்கான சிறு யன்னல் கதவுகளின் சுவர். கதவுகள் திறந்து மூடிப் படத்தை வரைகின்றன. ஆனால் பின்னால் விளக்கு இல்லாவிட்டால் கதவு திறந்தென்ன, மூடியென்ன? இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அறையை இருட்டாக்குங்கள். தொலைக்காட்சியைப் போடுங்கள். ரோச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது.

டயோடு ஏன் போகிறது? சூடுதான். கடையில் பக்கத்துப் பெட்டியைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சம் கூட்டப்பட்ட காட்சி முறை ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. பலர் வீட்டுக்கு வந்தபின்னும் அதை மாற்றுவதில்லை. மூன்றாம் கியரில் ஓட வேண்டிய இடத்தில் வாழ்நாள் முழுவதும் முதலாம் கியரில் வண்டி ஓட்டுவது போன்ற வேலை இது. ஓரத்தில் மட்டும் டயோடுகளை அடுக்கிய மெல்லிய பெட்டிகளில் சூடு அந்த ஒரு கரையிலேயே குவிகிறது. விலை கூடிய ‘மினி எல்.ஈ.டி.’ வகைகளில் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி ஒளிப் பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சுற்று வேண்டும். படம் அற்புதமாக இருக்கும். கெடக்கூடிய பாகங்களை மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள்.

சாகும் முன் பின்னொளி சில அறிகுறிகளும் காட்டும். திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு தெரிந்தால், டயோடின் மேல் ஒட்டியிருந்த சிறு வில்லை சூட்டில் பசை விட்டு விழுந்திருக்கிறது. படம் முழுவதும் ஊதா நிறம் பூசினாற்போல் மாறினால், நீல ஒளியை வெள்ளையாக்கும் டயோடுப் பூச்சு சிதைகிறது.

பின்னொளியைத் திருத்தலாம். ஆனால் அதற்குப் பேனலைத் தூக்கி அப்பால் வைக்க வேண்டும். அதிலுள்ள கண்ணாடித் தாள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பானது; அகலமோ கட்டில் அளவு. இரண்டு பேர், உறிஞ்சுபிடிகள், மூச்சைப் பிடித்த ஒரு நிமிடம். என் தொழிலில் கை நடுங்கும் இடம் இதுதான். ‘ஒரு டயோடு மாற்ற இவ்வளவு காசா?’ என்று கேட்பவர்களுக்கு அந்த நிமிடத்தின் விலையை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஓலெட்: விளக்கீட்டுச் சிட்டிகள்

கார்த்திகை விளக்கீட்டுக்கு மதில் முழுவதும் சிட்டி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிட்டியிலும் அதற்குரிய எண்ணெய் இருக்கிறது. திரி பெரிதாக எரிகிற சிட்டியில் எண்ணெய் முந்தித் தீரும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஒரு சிட்டி. ஒளிர்வது கரிமச் சேர்மம். ஒளிர ஒளிரத் தேயும்.

ஒரே செய்தி அலைவரிசையை நாள் முழுவதும் ஓடவிட்டால் மூலையில் நிற்கும் இலச்சினையும் அடியில் ஓடும் பட்டியும் அந்த இடத்துப் புள்ளிகளை மற்றவற்றைவிட விரைவாகத் தேய வைக்கும். பிறகு வேறு படம் போட்டாலும் இலச்சினையின் நிழல் தெரியும். இதை ‘பர்ன் இன்’ என்கிறார்கள். தழும்பு என்று வைத்துக்கொள்வோம். எரிந்து பதிந்தது என்று பெயர் சொன்னாலும் அங்கே எதுவும் எரியவில்லை. சமமில்லாத தேய்மானம், அவ்வளவே.

இதைச் சமாளிக்க ஓலெட் பெட்டியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ரிமோட்டால் அணைத்தபின், சிவப்பு விளக்கு மட்டும் எரியும் நேரத்தில், பெட்டி தன் புள்ளிகளை அளந்து தளர்ந்தவற்றுக்கு ஏற்றபடி மின்னளவைச் சரிசெய்கிறது. எல்.ஜி. பெட்டிகளில் மொத்தம் நான்கு மணி நேரம் பார்த்தபின் அணைத்தால் இந்தச் சிறு சரிசெய்தல் தானாக நடக்கும். சில நிமிட வேலை.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். ‘மின்சாரம் வீணாகிறது’, ‘இடி விழும்’ என்று சொல்லி, ரிமோட்டால் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவது நமது பழக்கம். குழாய்ப் பெட்டிக்கு அது நல்ல பழக்கம். ஓலெட்டுக்கு அது, இரவு வேலைக்கு வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம். ரிமோட்டால் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுவதில் தவறில்லை. இடி முழங்கும் இரவில் பொறுக்கவும் வேண்டாம், உடனே கழற்றுங்கள். ஒரு நாள் சரிசெய்தல் தவறினால் எதுவும் குடி மூழ்காது.

ஆக, எல்.சி.டி. வகையில் விளக்கு போனாலும் பேனல் மிஞ்சும். ஓலெட்டில் விளக்கும் பேனலும் ஒன்றே. தேய்ந்தால் பேனலையே மாற்ற வேண்டும்.

பேனலை ஏன் யாரும் திருத்துவதில்லை?

ஒரு 4கே திரையில் குறுக்கே 3840, மேலிருந்து கீழே 2160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவு வைத்தால் மொத்தம் 2 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். இத்தனை கதவுகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது. வயலுக்கு வரம்பு வெட்டுவது போல நிரையும் நிரலுமாகக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். நிரல் கோடுகள் மட்டும் 3840 இன் மூன்று மடங்கு, அதாவது 11,520.

இந்தக் கோடுகள் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து, மெல்லிய நெகிழ்பட்டிகளோடு இணைகின்றன. ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைந்த இடைவெளியில் நெருங்கி நிற்கும் இணைப்புகள் இவை. ஈயம் வைத்து ஒட்ட முடியாது. மின்கடத்தும் நுண்குண்டுகள் கலந்த பசைப் படலத்தை நடுவில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிறார்கள். ஓர் இணைப்பு விட்டால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. ஒரு பட்டி முழுவதும் விட்டால் கையகலத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு. திரும்ப ஒட்டுவதற்கென்றே இயந்திரம் இருக்கிறது. ஆனால் அதன் விலைக்கு நான் இன்னொரு கடை போடலாம். அந்த இயந்திரத்தில் ஒட்டினாலும் எத்தனை மாதம் நிற்கும் என்று உறுதி கொடுப்பவர்கள் குறைவு. பட்டியின் மேல் விரலால் அழுத்திக் கடுதாசி மடித்து வைத்தால் கோடு மறைகிறது என்று காட்டும் காணொளிகள் உண்டு. சிலவேளை மறையும். உழவு இயந்திரத்தின் எண்ணெய்க் கசிவுக்குச் சவர்க்காரம் பூசுவதும் அப்படித்தான் வேலை செய்யும்.

பேனலை மாற்றலாமே என்றால், ஒரு தொலைக்காட்சியின் உற்பத்திச் செலவில் பெரும் பங்கு அந்தப் பேனல்தான். தனியாக வரவழைத்தால் கப்பல் கூலி, உடையும் அபாயம், வரி எல்லாம் சேர்ந்து புதிய பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த மாதிரியின் உற்பத்தி நின்றுவிட்டால் பேனலும் கிடைக்காது. பாவனையாளர் உரிமைக்குப் பெயர்போன ஐரோப்பிய ஒன்றியம்கூட, 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதியில், கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்ததிலிருந்து 7 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று சொன்னபோது மின்வழங்கி, பெரிய மின்தேக்கி, இணைப்பிகள் போன்றவற்றைத்தான் பட்டியலிட்டது. பேனல் அந்தப் பட்டியலில் இல்லை.

பேனல் எப்படிக் கெடுகிறது என்பதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டைக் வீதியிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த வீடுகளில் திரை மேல் உப்புப் படலம் படியும். அதைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே திரையில் பீச்சுகிறார்கள். துளி வழிந்து அடிச் சட்டத்துக்குள் போகிறது. பல பெட்டிகளில் நான் சொன்ன நெகிழ்பட்டிகள் அந்த அடிக் கரையில்தான் இருக்கின்றன. மூன்று நாளில் கோடு வரும். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பிறகு துடையுங்கள். திரையில் ஒரு சொட்டும் ஓடக்கூடாது.

பலகைகள்: கெட்டாலும் நல்ல செய்தி

பலகையில் அடிக்கடி போவது மின்தேக்கி: மின்சாரத்தைச் சிறிது நேரம் தாங்கி வைத்துச் சீராக்கும் சிறு உருளை. உள்ளே ஈரமான திரவம் இருக்கும். சூட்டில் அது வற்றும். சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறித்த மின்தேக்கி 75 பாகையில் 16,000 மணி நேரம் தாங்கும். 85 பாகையில் 8,000 மட்டுமே. நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் முதலாவது எட்டரை ஆண்டுக்கு மேல், இரண்டாவது நான்கரை ஆண்டுகூட இல்லை. அலுமாரிக்குள் பெட்டியை அடைத்து வைப்பவர்கள் அந்த 10 பாகையைத் தாமே சேர்க்கிறார்கள். மாற்றும் மின்தேக்கியின் விலை ஒரு பிளேன்ரீயின் விலையோடு போட்டி போடும்.

மூளைப் பலகையில் நினைவகச் சில்லு தேய்ந்தால் பெட்டி இலச்சினையைக் காட்டிவிட்டு அணைந்து, மறுபடி காட்டி, அப்படியே சுற்றும். மென்பொருள் புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் போனாலும் இதே நிலை வரலாம். காணொளி பார்க்கும் செயலிகள் (ஆப்) பழசாகி வேலை செய்யாமல் போவது வேறு சங்கதி; அதற்குப் பெட்டியை மாற்றத் தேவையில்லை, வெளியில் செருகும் சிறு கருவி ஒன்று போதும்.

பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ற் மின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ற் நேர்மின்னாக மாறிப் பெரிய மின்தேக்கியில் தங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேதான் இருக்கும்.

உப்பும் இடியும் மின்வெட்டும்

இப்போது ஊரின் மூன்றாம் விடைக்கு வருவோம். உப்புக் காற்று உண்மையில் என்ன செய்கிறது? காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் குசினி உப்புச் சாடி கசிவது இதனால்தான். கச்சான் மாதங்களில் பலகை மேல் தூசியோடு சேர்ந்து காய்ந்து கிடக்கும் உப்பு, வாடைக் காற்றோடு மாரி வந்ததும் ஈரமாகி, மின்கடத்தும் படலமாக மாறுகிறது. அந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால் செப்புத் தடம் பச்சை பூத்து அரிக்கும். அடுத்தடுத்த முனைகளுக்கு இடையில் மெல்லிய உலோக வேர் வளரும். கோடையில் நன்றாக ஓடிய பெட்டி கார்த்திகையில் கோளாறு காட்டுவதன் காரணம் இது.

கடலோர வீட்டுக்காரர்கள் மாரிக் காலத்தில் பெட்டியைப் பல நாள் அணைத்தே வைப்பது நல்லதென்று நினைக்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். பல்லிக்கும் அந்த இளஞ்சூடு பிடிக்கும் என்பது வேறு கதை. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்து உயிரை விட்ட பல்லிகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அடுத்தது இடி. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமழை கூடுதல். பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கூரையில் இருக்கும் டிஷ் கம்பியை மறந்துவிடுகிறார்கள். அதையும் கழற்ற வேண்டும். இணையக் கம்பி இருந்தால் அதையும்.

மின்னழுத்தச் சீராக்கியும் மின்பாய்ச்சல் காப்பும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதகு, வயலுக்குப் போகும் நீரைக் கூட்டிக் குறைக்கும். வெள்ளம் வந்தால் மதகு காப்பாற்றாது. வான், அதாவது மிகை நீர் வழிந்தோடும் வழி, பாய வேண்டும். சீராக்கி என்பது மதகு. இன்றைய பெரும்பாலான தொலைக்காட்சிகள் 100 முதல் 240 வோல்ற் வரை தாமே சமாளிப்பதால் அது அவ்வளவு தேவைப்படாது. மின்பாய்ச்சல் காப்பு என்பது வான்: திடீரென எகிறும் மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும். வீட்டில் நில இணைப்பு (எர்த்) ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த வானுக்கு ஓடிப்போக வாய்க்கால் இல்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் அதன் கரையும் தேயும், எனவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மின்சாரம் போனதனால் கெட்டதைவிட, திரும்பி வந்தபோது கெட்டவைதான் என்னிடம் கூடுதலாக வந்தன. மின் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவது செலவில்லாத காப்பு.

உத்தரவாத அட்டையில் எழுதியிருப்பதும் எழுதாததும்

தென்னம்பிள்ளை நட்டவர்களுக்கு இது தெரியும். முதல் ஆண்டில் சில பட்டுப்போகும். தப்பியவை பல காலம் நிற்கும். கடைசியில் மூப்பால் சாயும். மின்சாதனங்களும் அப்படியே. உத்தரவாதம் பெரும்பாலும் அந்த முதற் கட்டத்தைத்தான் மூடுகிறது. பின்னொளியும் மின்தேக்கியும் சூட்டில் தேய்ந்து போகும் காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதிபரின் நான்கு மாதத்தில் சூழ்ச்சி இருந்தாக வேண்டிய அவசியமில்லை.

வாங்குமுன் அட்டையை வாசியுங்கள். பேனலுக்கு எத்தனை ஆண்டு, பலகைக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியே இருக்கும். இடி, துரு, பூச்சி பல்லி, ஓலெட் தழும்பு ஆகியவை விலக்கப்பட்டிருப்பது வழக்கம். அதாவது திருகோணமலையில் கெடும் வழிகளில் பாதி. சேவை நிலையம் கொழும்பில் என்றால் சுமார் 260 கிலோமீற்றர் பெட்டியை யார் கொண்டுபோவது, வீட்டுக்கு ஆள் வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டாரில் இருந்தோ துபாயில் இருந்தோ உறவினர் கொண்டுவந்த பெட்டிக்கு அங்கத்தைய உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது. கொடுத்த உத்தரவாதத்தை விற்றவர் மதிக்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் எழுத்து மறையும் சீட்டுகள்தான் இப்போது தருகிறார்கள், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

ஏற்றும்போது பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். லொறியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்த பெரிய திரை ஒன்று வழியிலேயே நடுவில் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். உறையைப் பிரிக்கும் வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அதிபர் வீட்டில்

அன்று மாலை ரோச் லைட்டோடு போனேன். யன்னல்களைச் சாத்தி, சாய்வாக வெளிச்சம் பிடித்ததும் செய்தி வாசிப்பவர் மங்கலாகத் தெரிந்தார். அதிபர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஆள் இருக்கிறார்!” என்றார். பின்னொளிதான். ஒரேயொரு டயோடு அறுந்திருந்தது. ஆனாலும் எல்லாப் பட்டிகளையும் மாற்றினோம். மற்றவையும் அதே வயதுக்காரர்கள், அடுத்த மாதம் இன்னொன்று போனால் மறுபடி கண்ணாடி தூக்க வேண்டும். செலவு பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. வெளிச்ச அளவு நூறில் நின்றது. ஐம்பத்தைந்துக்கு இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். படம் முந்தியதைப் போலப் பளிச்சென்று இல்லை, கிரிக்கெட் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒரு ஆட்டத்துக்குப் பரவாயில்லை, முடிந்ததும் குறைத்துவிடுங்கள் என்றேன். ஐந்து நாள் டெஸ்ட் போட்டி என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.